தலைமையாசிரியரின் வீட்டார் பள்ளியில் தொண்டூழியம் செய்யலாமா? சட்டம் எங்கே குறுக்கே வருகிறது?

தமிழ்ப்பள்ளியில் ஒரு வேலை என்றால் முதலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பள்ளியில் இருப்பவர்களின் வீட்டார்தான். விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் கூடாரம் கட்டத் தலைமையாசிரியையின் கணவர் வருவார். பொங்கல் விழாவுக்குக் கோலம் போட துணைத் தலைமையாசிரியரின் மனைவியும் நாத்தனாரும் வருவார்கள். நூல்நிலையத்தில் தூசி தட்டிப் புத்தகங்களுக்கு எண் ஒட்டுவது பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் தங்கையாக இருக்கும். இவர்களில் யாரும் காசு கேட்பதில்லை. சில நேரம் சாப்பாடுகூட இவர்கள் வீட்டிலிருந்துதான் வரும்.

அதே வாரம் பெற்றோர் வாட்சாப் குழுவில் ஒரு கேள்வி விழும்: “இது பள்ளிக்கூடமா, அவங்க குடும்பச் சொத்தா?”

இந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. கேள்வி நியாயமில்லாததாக இருந்தால், உதவிக்கு வந்தவர் மனம் நொந்து நின்றுவிடுகிறார். பள்ளிக்கு ஓர் ஆள் குறைகிறது. கேள்வி நியாயமானதாக இருந்தால், “தொண்டு செய்றவங்களைக் குறை சொல்றீங்களே” என்ற பதிலில் அது அமுங்கிப் போகிறது. இரண்டுமே நஷ்டம்தான். ஏனென்றால் எது கூடும், எது கூடாது என்பதை இரு தரப்பும் சட்டத்திலிருந்து பேசுவதில்லை. ஊர்ப் பகையிலிருந்தோ ஊர்ப் பாசத்திலிருந்தோதான் பேசுகிறார்கள்.

முதலில் நேரடியான பதில். பள்ளி அதிகாரியின் உறவினர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பள்ளியில் தொண்டூழியம் செய்யக் கூடாது என்று 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. சொல்லப் போனால், 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் பெற்றோரும் சமூகமும் பள்ளிக்குள் வந்து கைகொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னது. ‘சாரானா இபு பாப்பா’ என்ற பெயரில் பெற்றோருக்கான கையேடுகளும் பள்ளிகளுக்கு வந்தன.

ஆகவே உறவு குற்றமில்லை. ஆனால் மூன்று இடங்களில் சட்டம் குறுக்கே வருகிறது: பணம் நுழையும் இடம், பாடம் நடத்தும் இடம், பிள்ளைகளோடு தனியாக இருக்கும் இடம்.

பணம் நுழைந்தால் அது தொண்டு அல்ல

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அரசு ஊழியர்கள். பள்ளிக் கட்டடம் தோட்ட நிலத்தில் நிற்கும் அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தாலும், அவர்களின் சம்பளமும் பணி விதிகளும் அரசாங்கத்துடையவை. 1993ஆம் ஆண்டு பொதுச் சேவை ஊழியர் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. அதன் நான்காவது விதி, ஓர் ஊழியர் தன் சொந்த நலனைப் பொதுக் கடமைக்கு மேலே வைக்கக் கூடாது என்கிறது. சொந்த நலனும் பொதுக் கடமையும் மோதக்கூடிய விதத்தில் நடந்துகொள்வதையும் அதே விதி தடுக்கிறது. மோதல் நடந்து முடிந்திருக்க வேண்டியதில்லை. மோதக்கூடிய நிலையை உருவாக்கினாலே போதும்.

இதைவிடக் கடுமையானது 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம். எஸ்பிஆர்எம் என்றால் கையூட்டு வாங்கியவரைப் பிடிப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. பொது அமைப்பின் அதிகாரி ஒருவர் தமக்கோ, தம் உறவினருக்கோ, தம்மைச் சார்ந்தவருக்கோ ஆதாயம் கிடைப்பதற்காகப் பதவியைப் பயன்படுத்தினால் குற்றம். அதோடு நிற்கவில்லை. தம் உறவினருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ சம்பந்தமுள்ள ஒரு விஷயத்தில் அந்த அதிகாரி முடிவெடுத்தாலே, அவர் பதவியை ஆதாயத்துக்குப் பயன்படுத்தினார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. குற்றம் உறுதியானால் 20 ஆண்டு வரை சிறையும், ஆதாயத்தின் மதிப்பைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாத அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அந்த அபராதமும் உண்டு.

உறவினர் என்றால் யார் யார்? சட்டம் கணவன் மனைவியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், இரு பக்கத்துப் பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பி அக்காள் தங்கை பிள்ளைகள், மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், மருமகன், மருமகள் எல்லாரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். ஒரு தோட்டத்து லயத்தில் பாதிப் பேர் இதற்குள் அடங்கிவிடுவார்கள். சம்பந்தி மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. நம் வீடுகளில் சம்பந்தியின் செல்வாக்கு என்ன என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது போலும்! அதற்காகச் சம்பந்திக்குக் குத்தகை கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன 1993ஆம் ஆண்டு விதி உறவு முறையைப் பார்ப்பதில்லை. சொந்த நலன் கலந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கூடாரம் கட்ட வந்த கணவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. கைக்காசு போட்டு உழைத்துவிட்டுப் போகிறார். அவரிடம் 23ஆவது பிரிவைக் காட்டி மிரட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் அதே கணவரின் கடையில்தான் விளையாட்டுப் போட்டிக்கான சட்டைகள் அச்சடிக்கப்படுகின்றன என்றால் கதை வேறு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, புத்தகக் கடை, பள்ளிச் சீருடை, ஆண்டு மலர், படம் எடுப்பது, சுற்றுலாவுக்குப் பேருந்து பிடிப்பது, பள்ளி முடிந்து நடக்கும் கட்டண வகுப்பு என்று சின்னச் சின்ன வருமானங்கள் பள்ளியைச் சுற்றி இருக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பள்ளி நிர்வாகி தம் வீட்டாருக்குத் தாமே முடிவெடுத்துக் கொடுத்தால், அந்த வீட்டார் மற்ற நாள்களில் எவ்வளவு தொண்டு செய்திருந்தாலும் அது கணக்கில் வராது.

மிகவும் வழுக்கலான இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் ஆண்டு இலவசமாக நடனம் சொல்லிக்கொடுக்கிறார் தலைமையாசிரியரின் மைத்துனி. இரண்டாம் ஆண்டு “பெட்ரோல் காசாவது கொடுக்கணும்” என்று சங்கத்தில் யாரோ நல்ல மனதோடு சொல்கிறார். மூன்றாம் ஆண்டு அது மாதக் கட்டணம் ஆகிவிடுகிறது. எந்தக் கூட்டத்திலும் யாரும் இதை முடிவாக எடுக்கவில்லை. வேறு நடன ஆசிரியை யாரையும் கேட்டுப் பார்க்கவும் இல்லை. இப்படித்தான் நல்லெண்ணத்தில் தொடங்கிய ஒன்று விசாரணைக் கோப்பாக மாறுகிறது. பெட்ரோல் காசு என்ற பேச்சு வந்த அன்றே அதைக் கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தால், தலைமையாசிரியர் “இவர் என் மைத்துனி, இந்த முடிவில் நான் இல்லை” என்று சொல்லி வெளியே போயிருந்தால், பிறகு யாரும் கேள்வி கேட்க வழியிருக்காது.

சங்கத்தில் மனைவி இருக்கலாமா?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 1998ஆம் ஆண்டு கல்வி விதிமுறைகளின் கீழ் இயங்குகின்றன. தலைமையாசிரியர் அதன் ஆலோசகர். அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படித்தால் அவருடைய மனைவியும் மற்றவர்களைப் போல ஒரு பெற்றோர்தான். கணவரின் பதவியால் அவருடைய பெற்றோர் உரிமை போய்விடாது. கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், தேர்ந்தெடுக்கப்படலாம்.

ஆனால் பொருளாளர் பொறுப்பு என்று வரும்போது சற்று யோசிக்க வேண்டும். ஆலோசகர் கணவர், கணக்கு எழுதுபவர் மனைவி என்றால், அந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆண்டுக் கூட்டத்தில் அதை நம்பவைப்பது கடினம். காசோலையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் கையெழுத்திடுவதும் அப்படித்தான். விழாக் குழு, நூல்நிலையக் குழு, தோட்டம் போடுவது போன்ற பொறுப்புகளில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. திறமையும் வெளிச்சத்துக்கு வரும், வம்பும் இருக்காது.

தொண்டூழியத்துக்கே ஒரு பலன் உண்டு என்றால் விதி எவ்வளவு துல்லியமாகிவிடும் என்பதற்குப் பக்கத்துச் சிங்கப்பூர் ஓர் உதாரணம். அங்கே தொடக்கநிலை ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கும்போது, அந்தப் பள்ளியில் பெற்றோர் தொண்டூழியராக இருந்தவர்களுக்கு 2பி என்ற கட்டத்தில் முன்னுரிமை கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 1ஆம் தேதிக்குள் சேர்ந்து, பதிவு ஆண்டின் ஜூன் 30ஆம் தேதிக்குள் குறைந்தது 40 மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் அந்தக் கட்டத்துக்கு 20 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. 40 மணி நேரம் செய்தாலும் இடம் உறுதி இல்லை, விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். அங்கே தொண்டுக்கு ஒரு விலை இருப்பதால் மணிக்கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு விலை இல்லை. அதனால்தான் யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தார் என்று எழுதி வைக்கும் பழக்கமும் பல இடங்களில் இல்லை.

பாடம் நடத்துவது தனி

சிறிய பள்ளிகளில் இது அடிக்கடி நடக்கும். 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இந்த வகையைச் சேர்ந்தவை ஏராளம். ஓர் ஆசிரியர் விடுப்பு, இன்னொருவர் பயிலரங்குக்குப் போய்விட்டார் என்றால் வகுப்பைப் பார்க்க ஆள் இருக்காது. அன்றைக்குப் பார்த்துப் பட்டதாரியான தலைமையாசிரியரின் மகள் பள்ளியில் இருந்தால், “அம்மா, நீ கொஞ்சம் நாலாம் ஆண்டைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிடுவது எளிது.

அங்கேதான் கல்விச் சட்டம் வருகிறது. கல்வி நிலையத்தில் கற்பிப்பவர் பதிவுபெற்ற ஆசிரியராகவோ கற்பிக்க அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மகள் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் இதற்கு விலக்கில்லை. வகுப்பாசிரியர் அறையில் இருக்க, அவர் பக்கத்தில் அமர்ந்து பின்தங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு வாசிக்க உதவுவது ஒரு விஷயம். ஆசிரியர் இல்லாத வகுப்பைத் தனியாக எடுப்பது வேறு விஷயம். முதலாவது தொண்டூழியம். இரண்டாவது அனுமதியில்லாத கற்பித்தல். அதில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர்.

யாரும் கேள்வி கேட்காத ஆள்

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற பெற்றோர் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. பள்ளி வாசலில் பாதுகாவலர் எல்லாரையும் நிறுத்துகிறார். அடையாள அட்டையைக் கேட்கிறார், பெரிய நோட்டில் பெயர் எழுதச் சொல்கிறார். பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவுக்கும் அதே நடைமுறைதான். தலைமையாசிரியரின் தம்பி வந்தால்? கை காட்டிவிட்டு உள்ளே போவார். பாதுகாவலர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிடுவார்.

உறவினர் தொண்டூழியத்தில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உறவினர்கள் கெட்டவர்கள் என்பதல்ல இதன் பொருள். அவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதே பிரச்சினை. ஒரு பிள்ளை வந்து “அந்த அங்கிள் என்னைத் தொட்டார்” என்று சொல்ல நினைத்தாலும், அந்த அங்கிள் தலைமையாசிரியரின் தம்பி என்று அதற்குத் தெரியும். யாரிடம் சொல்வது?

2017ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளை யாருடைய பராமரிப்பிலோ மேற்பார்வையிலோ அதிகாரத்திலோ இருக்கிறதோ, அவர் அந்தப் பிள்ளையோடு நம்பிக்கை உறவில் இருப்பதாக அதன் 16ஆவது பிரிவு சொல்கிறது. ஆசிரியர், பயிற்றுநர், உறவினர் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், அந்தப் பட்டியலோடு முடியவில்லை. ஆகவே சம்பளம் வாங்காத தொண்டூழியரும் பிள்ளைகளை மேற்பார்க்கும் நிமிடத்திலிருந்து அதற்குள் வருவார். அப்படிப்பட்டவர் அந்தச் சட்டத்தின் கீழுள்ள குற்றத்தைச் செய்தால், அந்தக் குற்றத்துக்கான தண்டனைக்கு மேல் ஐந்து ஆண்டு வரை கூடுதல் சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் உண்டு. அதே சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். “வீட்டு விஷயம், பெரியவர்கள் பேசி முடிச்சிட்டோம்” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வருமுன் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, சிறார்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் விவரங்களும் அடங்கிய பதிவேடு ஒன்று உருவானது. பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று சமூக நல இலாகாவிடம் விண்ணப்பித்துப் பார்த்துக்கொள்ளலாம். நீதிமன்றம் தண்டித்தவர்களைப் பற்றித்தான் அந்தப் பதிவேடு சொல்லும். பெயர் இல்லை என்பதாலேயே ஒருவர் நல்லவர் என்று ஆகிவிடாது. எனவே சரிபார்த்த பிறகும் சில எளிய கட்டுப்பாடுகள் வேண்டும். தொண்டூழியர் யாரும் பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தம் காரில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பிள்ளைகளைப் படம் பிடித்துச் சொந்தக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளவோ முகநூலில் போடவோ கூடாது. கழிவறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது ஆசிரியரின் பொறுப்பாகவே இருக்கட்டும்.

தலைமையாசிரியரின் மனைவியும் வாசலில் நின்று நோட்டில் பெயர் எழுதினால் இந்தக் கட்டுப்பாடுகள் தானாக நிலைக்கும். அவரே எழுதும்போது வேறு யாரும் “என்னை ஏன் நிறுத்துறீங்க” என்று பாதுகாவலரிடம் சண்டை போட முடியாது. மாதம் மூன்று வெள்ளி விலையுள்ள ஒரு நோட்டுப் புத்தகம் செய்யும் வேலை இது.

உதவிக்கு வேறு ஆள் இல்லையென்றால்?

பட்டணத்துப் பள்ளியில் ஓர் உறவினரை விலக்கினால் பத்துப் பெற்றோர் முன்வரலாம். தோட்டப் பள்ளியில் அப்படி இல்லை. பெற்றோரில் பலர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் பக்கத்து டவுன் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்டு பார்க்கிறார்கள். பகலில் வரக்கூடியவர் பள்ளிக் குடியிருப்பில் இருக்கும் ஆசிரியர் வீட்டார் மட்டும்தான். அவர்களையும் சந்தேகத்தால் விரட்டிவிட்டால் நூல்நிலையம் பூட்டியே கிடக்கும்.

எனவே விலக்குவதைவிட வெளிப்படையாக வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. உதவிக்கு வருபவர் இன்னாருக்கு இன்ன உறவு என்பதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லிக் குறிப்பில் ஏற்றலாம். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு பக்கத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அவரை மேற்பார்ப்பவர் உறவுக்காரராக இல்லாமல் வேறோர் ஆசிரியராக இருக்கட்டும். அவர் மீது புகார் வந்தால் தலைமையாசிரியர் விசாரிக்காமல் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பிவிட வேண்டும். பள்ளி வாரியம் இயங்கும் இடங்களில் வாரிய உறுப்பினர்களின் வீட்டாருக்கும் இதே ஒழுங்குதான் பொருந்தும். வாரியத் தலைவர் நன்கொடை கொடுத்தவர் என்பதற்காக அவருடைய மகனுக்குத் தனிச் சாவி கொடுக்க வேண்டியதில்லை.

புகாரை எங்கே கொடுப்பது?

சந்தேகம் வந்த பெற்றோர் முதலில் செய்யக்கூடியது, சங்கத்தின் செயலாளரிடம் எழுத்து மூலம் கேட்பது: இந்த வேலை யாருக்கு, எந்தக் கூட்டத்தில், எப்படிக் கொடுக்கப்பட்டது? கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி இலாகா, அதற்கு மேல் கல்வி அமைச்சின் சிஸ்பா என்னும் பொதுப் புகார் முறை. பணமும் பதவியும் கலந்த விஷயமென்றால் எஸ்பிஆர்எம். பிள்ளையின் பாதுகாப்பு என்றால் இந்த வரிசையில் காத்திருக்கக் கூடாது. நேரே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், அல்லது தாலியான் காசே 15999 எண்ணை அழைக்க வேண்டும்.

பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் தோட்டங்களில் அதிகம். பிள்ளை அதே பள்ளியில்தான் படிக்கிறது, தலைமையாசிரியரின் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், முறைகேட்டைத் தெரிவிப்பவரின் அடையாளத்தை மறைத்து வைக்கிறது, வழக்கிலிருந்தும் பழிவாங்கலிலிருந்தும் காக்கிறது. ஆனால் எஸ்பிஆர்எம், காவல்துறை போன்ற அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் அந்தப் பாதுகாப்பு. அதே தகவலை முதலில் வாட்சாப் குழுவில் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அவதூறு வழக்கு வந்தால் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.